மருந்து என்கிறோம், லேபலில் ராச்சுன் என்றிருக்கிறது: நிலவனப்பு வேலையில் பூச்சிக்கொல்லியைக் கையாளுதல்



பள்ளியில் கூட்டுப்பணி நடந்த ஒரு சனிக்கிழமை. திடலோர வேலியை ஒட்டி லாலாங் புல் முழங்கால் உயரத்துக்கு மண்டிக் கிடந்தது. படிவம் நான்கு மாணவன் ஒருவன், நல்ல உழைப்பாளி, ஓடி வந்து கேட்டான்: "டீச்சர், மருந்து கலந்துட்டேன். அடிக்கட்டுமா?"

அவன் கையைப் பார்த்தேன். கையுறை இல்லை. போத்தல் மூடியால் அளந்து ஊற்றியிருக்கிறான். விரலில் வழிந்ததைக் காற்சட்டையில் துடைத்திருக்கிறான். "எவ்ளோ கலந்தே?" என்றேன். "ஒரு நாலு மூடி டீச்சர். எங்க தாத்தா அப்படித்தான் ஊத்துவாரு."

அவனைத் திட்ட மனம் வரவில்லை. நாம் யாருமே அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லையே. குழாயடிக்கு அழைத்துப் போய்ச் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவ வைத்து, விளையாட்டுக் காற்சட்டைக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னேன். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த 'மருந்து' என்ற சொல் மட்டும் என் காதைவிட்டுப் போகவில்லை.

புல்லு மருந்து, பூச்சி மருந்து, எலி மருந்து. நம் பேச்சில் எல்லாம் மருந்துதான். அதே போத்தலின் லேபலைப் பாருங்கள். மலாய்மொழியில் ராச்சுன் ரும்பாய், ராச்சுன் செரங்கா, ராச்சுன் குலாட் என்று போட்டிருக்கும். ராச்சுன் என்றால் நஞ்சு. நாட்டுச் சட்டத்தின் பெயரே 1974ஆம் ஆண்டு ராச்சுன் மக்லுக் பெரோசாக் சட்டம். மலாய்க்காரரும் சட்டமும் நஞ்சு என்று சொல்வதை நாம் மருந்து என்கிறோம். மருந்து என்றதும் மனம் என்ன நினைக்கும்? "கொஞ்சம் கூட ஊத்துனா இன்னும் நல்லா கேக்கும்" என்றுதான் நினைக்கும். கையில் பட்டாலும் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். சொல் தரும் இந்தத் துணிச்சல் நமக்கு ஏற்கெனவே நிறைய இழப்பைக் கொடுத்திருக்கிறது.

தோட்டத்தில் நடந்தது

இந்தக் கட்டுரையைப் படிக்கும் ஆசிரியர்களில் பலர் தோட்டப்புறத்திலிருந்து வந்தவர்கள்தாம். உங்கள் அம்மாவோ பாட்டியோ மருந்தடிக்கும் கும்பலில் இருந்திருக்கலாம். என் அம்மா இருந்தார். விடியற்காலைப் பெரட்டு முடிந்ததும் பம்ப்பை முதுகில் மாட்டிக்கொண்டு வரிசையாகப் போவார்கள். தலையில் துண்டு, மேலே ஒரு பழைய நீளக்கைச் சட்டை, அவ்வளவுதான் பாதுகாப்பு. அம்மாவின் கை நகங்கள் நிறம் மாறி, வெடித்து, சில சமயம் கழன்றே விழுந்துவிடும். மூக்கில் இரத்தம் வடிந்தால் "உடம்பு சூடு" என்பார். இவை பாராகுவாட் என்ற களைக்கொல்லி தோலிலும் மூக்கிலும் படுவதால் வரும் அறிகுறிகள் என்று நான் படித்துத் தெரிந்துகொண்டபோது அவர் வேலையை விட்டுப் பல வருடம் ஆகியிருந்தது.

பாராகுவாட்டுக்கு மாற்று மருந்து கிடையாது. தெரியாமல் ஒரு வாய் விழுங்கினாலே உயிர் போகலாம். உடனே போகாது, நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகி, நாட்கணக்கில் மூச்சுத் திணறிப் போகும். தோட்டங்களில் மருந்தடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களின் உடல்நிலையை நேரில் கேட்டறிந்து, தெனாகனித்தா அமைப்பும் பினாங்கைத் தளமாகக் கொண்ட பூச்சிக்கொல்லி நடவடிக்கை வலையமைப்பும் 2002இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டன. அதே ஆண்டு அரசாங்கம் பாராகுவாட்டுக்குத் தடை அறிவித்தது. 2006இல் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. முழுத் தடை நடப்புக்கு வந்தது 1 ஜனவரி 2020இல்தான். இடையில் 17 ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. பட்டதாரி மாணவர் யாராவது இந்த 17 ஆண்டுக் கதையைத் தமிழில் ஆய்வேடாக எழுதினால் நான் முதலில் வாங்கிப் படிப்பேன்.

இப்போது பள்ளி, பூங்கா, அடுக்குமாடி வளாகங்களில் நிலவனப்பு வேலைக்கு அதிகம் பயன்படும் களைக்கொல்லி கிளைபோசேட். அது பாராகுவாட் போல உடனே கொல்லும் நஞ்சு அன்று. அதற்காகத் தண்ணீர் மாதிரி கையாளலாம் என்று அர்த்தமில்லை. அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2015இல் அதை 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற பிரிவில் வைத்தது. பல நாட்டுக் கட்டுப்பாட்டு அமைப்புகள் அந்த முடிவை ஏற்கவில்லை. வாதம் இன்னும் நடக்கிறது. பூச்சிகளுக்கு அடிக்கும் சைபர்மெத்ரின், மாலத்தியான் போன்றவை வேறு வகை. அவை நரம்பைத் தாக்குபவை.

நஞ்சு எந்த வழியாக உள்ளே போகிறது?

இந்தக் கேள்வியை வகுப்பில் கேட்டால் மாணவர்கள் "வாய்", "மூக்கு" என்பார்கள். அதனால்தான் முகக்கவரி மட்டும் போட்டுக்கொண்டு, வெறுங்கையோடும் ஜப்பான் சிலிப்பரோடும் பம்ப்பைத் தூக்குகிறவர்களைப் பார்க்கிறோம். வெளியில் தெளிப்பு வேலை செய்பவர் உடம்பில் நஞ்சு ஏறும் முக்கியமான வழி தோல்.

தோல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. பாரத்தியான் என்ற பழைய பூச்சிக்கொல்லியைக் கொண்டு செய்த ஓர் ஆய்வு 1971இல் வெளிவந்தது. முன்கைத் தோல் உறிஞ்சும் அளவை 1 என்று வைத்துக்கொண்டால், உள்ளங்கை 1.3, தலைத்தோல் 3.7, நெற்றி 4.2, ஆணின் விதைப்பைத் தோல் 11.8. இந்த எண்களை வைத்து நம் வேலையைப் பாருங்கள். வெயிலில் வியர்க்கிறது, கையுறை போட்ட கையாலேயே நெற்றியைத் துடைக்கிறோம். அதாவது குறைவாக உறிஞ்சும் இடத்துக்குப் போட்ட பாதுகாப்பைக் கொண்டே நாலு மடங்கு உறிஞ்சும் இடத்தில் நஞ்சைப் பூசுகிறோம். பம்ப்பு மூடியில் கசிவு இருந்தால் கலவை முதுகு வழியாக இறங்கி இடுப்புக்குக் கீழே போய் நனைக்கும். "லேசா ஒழுகுது, பரவாயில்ல" என்று சொல்பவருக்கு இந்த 11.8 என்ற எண்ணைக் காட்டினால் போதும். கழுத்தில் ஒரு சுத்தமான துண்டு இருக்கட்டும், துடைக்க வேண்டுமென்றால் கையுறையைக் கழற்றிக் கையைக் கழுவிவிட்டுத் துடைக்கட்டும்.

கையுறை நைட்ரைல் அல்லது தடித்த ரப்பராக இருக்க வேண்டும். துணிக் கையுறையும் தோல் கையுறையும் வெறுங்கையைவிட மோசம். கலவையை உறிஞ்சி வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் தோலோடு ஒட்ட வைக்கும். காற்சட்டைக் கால் பூட்சுக்கு வெளியே தொங்க வேண்டும். உள்ளே செருகினால் வழிவதெல்லாம் பூட்சுக்குள் போய்விடும். கீழ்நோக்கித் தெளிக்கும்போது சட்டைக் கை கையுறைக்கு மேலே. மரக்கிளையை நோக்கி மேலே தெளிக்கும்போது கையுறை சட்டைக் கைக்கு மேலே. காரணத்தை மாணவர்களே சொல்லட்டும், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று யோசித்தால் தெரிந்துவிடும். கண்ணுக்குக் கண்ணாடி அல்லது முகத்தடுப்பு. மூக்குக்கு என்ன வேண்டும் என்பது பொருளைப் பொறுத்தது, லேபல் சொல்லும். கோவிட் காலத்து முகக்கவரி இரசாயன ஆவியை நிறுத்தாது.

போத்தலைத் திறக்கும் அந்த இரண்டு நிமிடம்

தெளிப்பதைவிடக் கலப்பதுதான் ஆபத்து. ஏன் என்று ஒரு கணக்கோடு சொல்கிறேன். தேர்வுக்குப் படிக்கும் மாணவர்கள் பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள்.

லேபலில் ஒரு ஹெக்டருக்கு 3 லிட்டர் என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். நமக்கு வேண்டிய இடம் 20 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். ஆக 300 சதுர மீட்டர். ஒரு ஹெக்டர் 10,000 சதுர மீட்டர். 300ஐ 10,000ஆல் வகுத்து 3 லிட்டரால் பெருக்கினால் 0.09 லிட்டர், அதாவது 90 மில்லிலிட்டர்.

தண்ணீர் எவ்வளவு? அதைச் சொல்லவேண்டியது தாத்தா அல்ல, நம் பம்ப்பும் நம் நடையும்தான். முதலில் வெறும் தண்ணீரை நிரப்பி, 100 சதுர மீட்டரை அளந்து, வழக்கமான வேகத்தில் நடந்து தெளித்துப் பாருங்கள். நாலரை லிட்டர் செலவானால், 300 சதுர மீட்டருக்கு 13.5 லிட்டர் வேண்டும். சாதாரண 16 லிட்டர் பம்ப்பில் அடங்கிவிடும். கணக்கு இவ்வளவுதான்: 13.5 லிட்டரில் 90 மில்லிலிட்டர். வேலை முடியும்போது பம்ப்பும் காலி, மிச்சத்தை எங்கே ஊற்றுவது என்ற தலைவலியும் இல்லை.

இப்போது 13,500ஐ 90ஆல் வகுங்கள். 150 வரும். போத்தலில் இருக்கும் ஒரு சொட்டு, பம்ப்பில் இருக்கும் 150 சொட்டுக்குச் சமம். அந்த மாணவன் காற்சட்டையில் துடைத்தது இந்தக் கெட்டியான திரவத்தைத்தான். முழு நாள் தெளித்தாலும் படாத அளவு, போத்தலைத் திறக்கும் இரண்டு நிமிடத்தில் பட்டுவிடலாம். அதனால் கையுறை, முகத்தடுப்பு, மேலங்கி எல்லாம் தெளிக்கப் போகும்போது அல்ல, மூடியைத் திறப்பதற்கு முன்பே போட வேண்டியவை. 'நாலு மூடி' என்பது எந்தக் கணக்கும் இல்லை. மூடிக்கு மூடி அளவு மாறும். கோடு போட்ட அளவுக் குவளை ஒன்று இதற்கென்றே இருக்கட்டும். அதைக் கென்டீன் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

பம்ப்பில் முதலில் பாதித் தண்ணீர், பிறகு அளந்த திரவம், மூடிக் குலுக்கி, மீதித் தண்ணீர். காற்று முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்று, முகத்துக்கு நேராக அல்லாமல் இடுப்புக்குக் கீழே வைத்துக் கலக்குங்கள். குழாயைத் தொட்டித் தண்ணீருக்குள் அமுக்கி வைத்து நிரப்பாதீர்கள். அழுத்தம் குறைந்தால் கலவை பின்னோக்கிக் குடிநீர்க் குழாய்க்குள்ளேயே இழுக்கப்படலாம்.

லேபலைப் பற்றி ஒரு வார்த்தை. அடியில் இருக்கும் வண்ணப் பட்டை ஆபத்தின் அளவைச் சொல்லும். சிவப்பு மிகக் கடுமை, மஞ்சள் அதற்கு அடுத்து, நீலம் அதைவிடக் குறைவு. பெராவிஸ் அக்திஃப் என்ற இடத்தில் உள்ளே இருக்கும் உண்மையான இரசாயனத்தின் பெயர் இருக்கும். கடைப் பெயரை விட்டுவிட்டு இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், டாக்டர் கேட்பது இதைத்தான். எச்சரிக்கை வரிகள் பல லேபல்களில் தமிழிலும் இருக்கும். அதைப் பாட்டிக்குப் படித்துக் காட்டுவது நல்ல வாசிப்புப் பயிற்சி.

தெளிக்கும் நேரமும் பிள்ளைகளும்

காலை நேரம் நல்லது. வெயில் ஏறினால் காற்றும் எழும்பும், கையுறையைக் கழற்றத் தோன்றும். இலை அசையும் அளவு மெல்லிய காற்று சரி; கிளை ஆடினால் பம்ப்பை இறக்கிவிடுங்கள். மழை கருக்கல் கட்டியிருந்தால் அன்றைக்கு வேண்டாம். கழுவிக்கொண்டு போகும் நஞ்சு புல்லைக் கொல்லாது, காலுவாயில் மீனைக் கொல்லும்.

பள்ளி நடக்கும் நாளில் தெளிக்கவே கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. குத்தகைக்காரர் "சிகெஜாப் ஜே, சிக்கு" என்பார், சட்டென்று முடித்துவிடுகிறேன் என்று. பாலர் பள்ளிப் பிள்ளைகள் பத்து மணிக்கு அதே புல்லில் உட்கார்ந்து நாசி லெமாக் சாப்பிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை பள்ளி முடிந்த பிறகோ சனிக்கிழமையோ வரச் சொல்லுங்கள். கயிறு கட்டி, பலகை வைத்து, தெளித்த பொருளின் பெயரும் தேதியும் எழுதி வைக்கட்டும். எப்போது மீண்டும் உள்ளே போகலாம் என்பது லேபலில் இருக்கும். எதுவும் இல்லையென்றாலும் முழுதாகக் காய்ந்த பிறகுதான்.

குத்தகைக்காரரின் ஆட்கள் பெரும்பாலும் வங்காளதேசம், இந்தோனேசியா, நேப்பாளத்திலிருந்து வந்தவர்கள். கையுறை இல்லாமல் நின்றால், "அது அவங்க பாடு" என்று விட்டுவிடாதீர்கள். 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டப்படி பாதுகாப்புப் பொருளும் பயிற்சியும் கொடுப்பது முதலாளியின் கடமை; சட்டத் திருத்தத்தின்படி 1 ஜூன் 2024 முதல் அது ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் பொருந்தும். அன்றைக்கு என் அம்மாவுக்காக யாரும் கேட்கவில்லை.

மாணவர்கள் கையில் பம்ப்பு கொடுக்கலாமா? என்னைக் கேட்டால் கூடாது. கூட்டுப்பணியில் மண்வெட்டி, பாராங், புல் வாரி போதும். பிறகு ஏன் இவ்வளவு விளக்கம் என்று கேட்பீர்கள். உங்களில் சிலர் நாளை தொழிற்கல்லூரியில் நிலவனப்புப் படிக்கப் போகிறீர்கள். சிலர் மேற்பார்வையாளர் ஆவீர்கள். வீட்டுக்குப் பின்னால் தாத்தா இன்றைக்கே மூடியால் அளந்து ஊற்றிக்கொண்டிருப்பார்.

வேலை முடிந்த பிறகு

முனை அடைத்துக்கொண்டால் வாயால் ஊதாதீர்கள். பழைய பல்துலக்கி ஒன்றைப் பம்ப்போடு கட்டி வைத்தால் போதும். கையுறையைக் கழற்றுவதற்கு முன் கையில் இருக்கும்போதே சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், பிறகு கழற்றி, வெறுங்கையையும் கழுவுங்கள். உடுத்திய துணியை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது. குளித்த பிறகுதான் சாப்பாடு, சிகரெட், பிள்ளையைத் தூக்குவது எல்லாம்.

காலிப் போத்தலில் கால் பாகம் தண்ணீர் ஊற்றி, மூடி, அரை நிமிடம் குலுக்கிப் பம்ப்பிலேயே ஊற்றுங்கள். மூன்று தடவை. இதைக் கலக்கும்போதே செய்துவிட்டால் அந்தத் தண்ணீரும் கணக்கில் சேர்ந்துவிடும். பிறகு போத்தலில் ஓட்டை போட்டுவிடுங்கள். ஓட்டை போடாத போத்தல் எப்படியும் யார் வீட்டிலாவது மண்ணெண்ணெய்க்கோ தண்ணீருக்கோ போய்ச் சேரும்.

இதைவிடக் கொடுமை, மிச்சத்தைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைப்பது. உலகம் முழுக்கப் பிள்ளைகள் தெரியாமல் குடித்து இறந்த சம்பவங்களில் இந்தப் பழக்கம் திரும்பத் திரும்ப வருகிறது. பாராகுவாட்டுக்கு நீலப்பச்சை நிறமும் நாற்றமும் வாந்தி மருந்தும் சேர்த்ததே இதனால்தான். சொந்தப் போத்தல், சொந்த லேபல், பூட்டிய அலமாரி. அலமாரி ஸ்டோரில் இருக்கலாம், அறிவியல் அறையிலோ கென்டீனிலோ இருக்கக் கூடாது.

ஏதாவது ஆகிவிட்டால்

தலைவலி, மயக்கம், குமட்டல், அதிக வியர்வை. நம் ஊர் வெயிலில் இதை "வெயில் அடிச்சிருச்சு" என்று நிழலில் படுக்க வைத்துவிடுவோம். பூச்சிக்கொல்லி அடித்தவர் என்றால் கண்மணியைப் பாருங்கள். மாலத்தியான் போன்ற ஆர்கனோபாஸ்பேட் நஞ்சில் கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கலாம். எச்சில், கண்ணீர் ஒழுகும், தசை துடிக்கும். கண்மணி சுருங்கவில்லை என்பதற்காக நஞ்சு இல்லை என்று முடிவுகட்டவும் கூடாது. சந்தேகம் வந்தாலே மருத்துவமனை.

அதற்கு முன், நீங்கள் கையுறை போட்டுக்கொண்டு, அவர் நனைந்த உடையைக் கழற்றி, சவர்க்காரமும் நிறையத் தண்ணீரும் விட்டு உடம்பைக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் 15 நிமிடம் ஓடும் தண்ணீர். விழுங்கியிருந்தால் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பால், இளநீர், புளித்தண்ணீர் எதுவும் கொடுக்காதீர்கள். "பால் குடிச்சா விஷம் முறிஞ்சிரும்" என்று தோட்டத்தில் சொல்லிக் கேட்டிருக்கிறேன், முறியாது. மயங்கியவருக்கு வாய்வழி எது கொடுத்தாலும் மூச்சுக்குழாயில் போகும்.

999க்கு அழையுங்கள். பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நஞ்சு மையத்தின் எண் 1-800-88-8099. போத்தலையோ லேபலின் படத்தையோ மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். எங்கள் பள்ளி ஸ்டோர் கதவின் உள்பக்கம் இந்த இரண்டு எண்களையும் பெரிய எழுத்தில் மாணவர்களையே எழுத வைத்து ஒட்டினேன். மேலே தலைப்பு என்ன போடலாம் என்று கேட்டபோது, மூடியால் அளந்த அதே பையன்தான் 'நஞ்சு' என்று எழுதினான்.